காய் அடிபட்டு வருகிறதா? வண்டிக்கு அடியிலும் குனிந்து பாருங்கள்

"இந்த வாரமும் தக்காளி அடிபட்டுத்தாங்க வந்திருக்கு" என்று கடைக்காரர் போன் செய்தால் நமக்கு முதலில் விதை மேல்தான் சந்தேகம் வருகிறது. நாட்டு ரகம், தோல் மெலிசு, தாங்காது என்கிறோம். அடுத்து பறித்தவர்கள் மேல், அதற்கடுத்து டிரைவர் மேல். வண்டிக்கு அடியில், பின் ஆக்சிலுக்குப் பக்கத்தில் சாய்வாக நிற்கும் இரண்டு இரும்புக் குழாய்களை யாரும் சந்தேகப்படுவதில்லை. அவைதான் ஷாக் அப்சார்பர்கள். பட்டறைப் பேச்சில் வெறும் 'ஷாக்'.

இயற்கை வேளாண்மைப் பத்திரிகையில் மெக்கானிக் சங்கதி எதற்கு என்று நினைக்கலாம். மண்டிக்குப் போகாமல் நேரடி விற்பனைக்கு வந்துவிட்ட நம் ஆட்கள் பலரும் இன்று வண்டிக்காரர்களும்தான். 2005-ல் டாடா ஏஸ் வந்தது. ஊரெல்லாம் அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்தது. 2011-ல் தோஸ்த் வந்தது. சொந்தமாகவோ, நாலு பேர் சேர்ந்தோ, பழைய வண்டி ஒன்றை வாங்கி, விளைந்ததை நாமே நகரத்துக்குக் கொண்டுபோகிறோம். டீசல், டயர், இன்சூரன்ஸ் எல்லாம் கணக்கில் வருகிறது. ஷாக் மட்டும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. ஏனென்றால் அது போனாலும் வண்டி ஓடும்.

ஷாக் பாரம் தாங்குவதில்லை. இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். நம் சிறு வண்டிகளில் பின்பக்கம் இருப்பது பட்டை. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய எஃகுத் தகடுகள். குழியில் சக்கரம் விழுந்தால் பட்டை வளைந்து அதை வாங்கிக்கொள்கிறது. வாங்கியதை அப்படியே திருப்பித் தள்ளுகிறது. பிறகு மறுபடி அமுங்குகிறது, மறுபடி எழும்புகிறது. குழந்தையைத் தூளியில் போட்டு ஒருமுறை ஆட்டிவிட்டால் அது தானாக நிற்க நேரமாகும். பக்கத்தில் இருப்பவர் கையால் பிடித்தால் உடனே நிற்கும். பட்டை தூளி என்றால், ஷாக் அந்தப் பிடிக்கிற கை.

உள்ளே இருப்பது ஏறக்குறைய சைக்கிள் பம்ப்தான். காற்றுக்குப் பதில் எண்ணெய். தண்டின் முனையில் ஒரு பிஸ்டன், அதில் சின்னச் சின்ன துளைகளும் வால்வுகளும். சக்கரம் ஏறி இறங்கும்போது பிஸ்டன் எண்ணெய்க்குள் ஏறி இறங்குகிறது. எண்ணெய் அந்தச் சிறு துளை வழியாகச் சிரமப்பட்டுத்தான் போக முடியும். அந்தச் சிரமத்தில் ஆட்டம் சூடாக மாறி வெளியே போய்விடுகிறது. வருஷக்கணக்கில் இதே வேலை. சீல் தேய்ந்து எண்ணெய் கசியும், வால்வு தளரும், தண்டில் கல் பட்டுக் கீறல் விழும். எதுவும் ஒரே நாளில் நடக்காது. அதனால்தான் தினமும் ஓட்டுகிற டிரைவருக்குத் தெரிவதில்லை. உடம்பு பழகிவிடுகிறது. காய்க்கு அந்தப் பழக்கம் வருவதில்லை.

காய் ஏன் அடிபடுகிறது என்று பார்ப்போம். பெரிய குழியில் ஒருமுறை 'தொம்' என்று விழுவதுதான் காரணம் என்று நினைக்கிறோம். அதுவும் உண்டுதான். ஆனால் அதிகம் கெடுப்பது இடைவிடாத சிறு அதிர்வு. 1960-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தார் லாரியில் போகும் பழங்கள் எப்படி நசுங்குகின்றன என்று ஆராய்ந்தபோது, அடி அடுக்கை விட மேல் அடுக்குப் பழங்கள் அதிகம் கெடுவதைக் கண்டார்கள். பாரம் அழுத்துவது அடியில்; கெடுவது மேலே. வண்டி துள்ளும்போது மேல் அடுக்குப் பழம் ஒரு கணம் எடையிழந்து எழும்புகிறது, லேசாக உருளுகிறது, மறுபடி விழுகிறது. மணிக்கணக்கில் இப்படி உரசினால் தோல் வழன்று போகும். மேலே பார்க்க நன்றாக இருக்கும், மறுநாள் காலை அந்த இடத்தில் தண்ணீர் கோர்த்திருக்கும். வண்டியில் இடத்தைப் பொறுத்தும் ஆட்டம் மாறும். இரண்டு ஆக்சிலுக்கு நடுவில் ஆட்டம் குறைவு. பின் ஆக்சிலுக்கு மேலும், அதைத் தாண்டிப் பின்கதவு வரையும் அதிகம். கடைசி சீட்டில் உட்கார்ந்து பஸ்ஸில் போனவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

எங்கள் குழுவில் நடந்தது இது. ஒன்பது பேர் சேர்ந்து வாங்கிய பழைய வண்டி. பழனிப் பக்கத்திலிருந்து உடுமலை, பொள்ளாச்சி வழியாகக் கோவைக்கு வாரம் ஒரு நடை, நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதற்கு முன்னால் ஒவ்வொரு தோட்டமாக இட்டேரியில் இறங்கி ஏறவேண்டும். அது சில கிலோமீட்டர்தான் என்றாலும் வண்டிக்கு அதுதான் பெரும்பாடு. கிரேட் கணக்கு என் பொறுப்பு. "பேங்க்ல இருந்தவர்தானே, நீங்களே பாத்துக்குங்க சார்" என்று ஒப்படைத்துவிட்டார்கள். கிரேட் திரும்பி வரவேண்டும் என்பதற்காக ஒவ்வொன்றிலும் பெயிண்டில் நம்பர் போட்டு, எது யாருடையது, எது எந்த வரிசையில் ஏறியது, கடையில் எதற்கு விலை குறைத்தார்கள் என்று நோட்டில் எழுதிவந்தேன்.

விலை குறைந்த கிரேட்டெல்லாம் பெரும்பாலும் ஒரே நண்பருடையது. வீட்டு விதையாக வைத்திருந்த நாட்டுத் தக்காளி போடுபவர். சாம்பாருக்கு அந்தப் புளிப்பு வேறு எதிலும் வராது. மற்றவர்கள் பி.கே.எம். 1 போட்டிருந்தார்கள். பெரியகுளத்தில் அன்னஞ்சி உள்ளூர் ரகத்திலிருந்து உருவாக்கிய ரகம் அது. தொலைதூரம் அனுப்பத் தாங்கும் என்று பெயர் வாங்கியது. ஆகவே தீர்ப்பு எளிதாக இருந்தது. நாட்டுத் தக்காளி கோவைக்கு லாயக்கில்லை. கூட்டத்தில் ஒருவர் வெளிப்படையாகவே, "உங்க தக்காளியால எல்லாருக்கும் பேர் கெடுதுங்கண்ணா" என்று சொல்லிவிட்டார். நண்பர் அன்று எதுவும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து என்னிடம், "ஹைப்ரிட் நாத்துக்குச் சொல்லிட்டேனுங்க சார். விதையை வேணா ரெண்டு செடி வெச்சுக் காப்பாத்திக்கறேன்" என்றார். அவர் அம்மா காலத்து விதை அது.

நோட்டில் இன்னொரு பத்தியும் இருந்ததே. வண்டி போகிற வழியில் அவர் தோட்டம்தான் கடைசி. கடைசியில் ஏறுவதால் அவர் கிரேட் எப்போதும் பின்கதவை ஒட்டிய வரிசையில், மேல் அடுக்கில்தான் நின்றிருக்கிறது. டிரைவர் தம்பியிடம் சொல்லி இரண்டு வாரம் மாற்றி அடுக்கச் சொன்னேன். நாட்டுத் தக்காளி கேபினை ஒட்டி, பி.கே.எம். 1 பின்னால். தம்பி கொஞ்சம் முணுமுணுத்தார், இறக்கி ஏற்றுகிற வேலை அவருக்குத்தானே. இரண்டு வாரமும் கடையில் விலை குறைந்தது பின்வரிசை பி.கே.எம். 1-க்கு. முன்னால் போன நாட்டுத் தக்காளியில் ஒரே ஒரு கிரேட்டில்தான் குறை சொன்னார்கள்.

வண்டியைப் பட்டறைக்கு விட்டோம். பின் வலது ஷாக் எண்ணெயில் நனைந்து, அதன் மேல் புழுதி ஒட்டிச் சேறு போல அப்பியிருந்தது. இடது ஷாக் காய்ந்து சுத்தமாக இருந்தது. அதுதான் நல்லது என்று நினைக்கத் தோன்றும். மெக்கானிக் கீழ் போல்ட்டைக் கழற்றிக் கையால் தள்ளிக் காட்டினார். வெண்ணெயில் கத்தி போவது மாதிரி உள்ளே போய்விட்டது. "இது எப்பவோ கசிஞ்சு முடிஞ்சிருச்சு சார். இனி கசியறதுக்கு உள்ளே என்ன இருக்கு?" என்றார். கசிவு இல்லை என்பதால் ஷாக் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

எப்போது மாற்றுவது என்பதற்கு 80,000 கிலோமீட்டர் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அது நல்ல சாலையில், அளவான பாரத்தில் ஓடுகிற வண்டிக்குச் சொன்னது. இட்டேரி, செம்மண் தடம், ஊருக்கு நாலு வேகத்தடை என்று ஓடுகிற வண்டிக்கு அந்த எண்ணை நம்பி உட்கார முடியாது. பழைய வண்டி வாங்கியவர்களுக்கு மீட்டரில் காட்டுவதே எவ்வளவு உண்மை என்பது வேறு கேள்வி. ஆகவே கிலோமீட்டரை விட அடையாளங்களைப் பார்ப்பதே மேல்.

பலரும் செய்வது, வண்டியின் ஒரு மூலையை அமுக்கி விட்டுப் பார்ப்பது. விட்டதும் ஒருமுறை எழும்பி அடங்கினால் சரி, இரண்டு மூன்று முறை ஆடினால் போய்விட்டது என்பார்கள். காருக்கு இது பரவாயில்லை. பட்டை வண்டியின் பின்பக்கத்தில் இதை நம்பவேண்டாம். வெறும் வண்டியில் பட்டை அவ்வளவு இறுக்கமானது, ஆள் பலத்துக்கு அசையவே அசையாது. அசைந்தாலும் தகடுகள் ஒன்றோடொன்று உரசும் உரசலே ஆட்டத்தை நிறுத்திவிடும். துருப்பிடித்த பழைய பட்டை என்றால் கேட்கவே வேண்டாம். ஷாக்கே இல்லாமலும் 'பாஸ்' ஆகிவிடும்.

எனக்கு நம்பிக்கையானது சூடு பார்ப்பது. கரடுமுரடான ரோட்டில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும், புறங்கையால் ஒவ்வொரு ஷாக்கின் குழாயையும் தொட்டுப் பாருங்கள். சைலன்சர் குழாய் பக்கத்தில் இருக்கும், ஜாக்கிரதை. வேலை செய்த ஷாக் சூடாக இருக்கும். ஆட்டத்தைச் சூடாக மாற்றுவதுதானே அதன் வேலை. ஒரே ஆக்சிலில் ஒன்று சூடாகவும் ஜோடி ஜில்லென்றும் இருந்தால், ஜில்லென்று இருப்பது சும்மா தொங்கிக்கொண்டு வருகிறது என்று பொருள். காசு செலவில்லாத சோதனை.

டயரையும் பாருங்கள். கண்ணால் பார்ப்பதை விட உள்ளங்கையால் தடவினால் நன்றாகத் தெரியும். பட்டன் சீராகத் தேயாமல், ஒரு மேடு ஒரு பள்ளம் என்று கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் ரோட்டில் உருளாமல் குதித்துக் குதித்துப் போயிருக்கிறது. வீல் பேலன்ஸ் சரியில்லாததும், பேரிங் ஆட்டமும்கூட இப்படித் தேய்க்கும். மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். டயரை மட்டும் மாற்றினால் புது டயரும் அதே வழியில்தான் போகும்.

ஓட்டும்போது தெரிபவை: பிரேக் பிடித்தால் மூக்கு குத்துவது, வளைவில் சாய்ந்து திரும்பிவர நேரமெடுப்பது, காலி வண்டியில் வரும்போது அலை அலையான ரோட்டில் பின்பக்கம் பக்கவாட்டில் நழுவுவது. கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக எடுக்கக் கூடாது. சக்கரம் தரையில் இல்லாத நேரத்தில் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. விடியற்காலை நாலு மணிக்கு ஈர ரோட்டில் போகிற பிள்ளைகள் நம் பிள்ளைகள்.

'டக் டக்' என்று கீழே சத்தம் வந்தால் உடனே ஷாக் போய்விட்டது என்று முடிவு கட்டவேண்டாம். மேலும் கீழும் ஷாக்கைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ் வெடித்திருக்கலாம். தனியாகக் கிடைத்தால் சொற்பக் காசு. பட்டையின் ஷாக்கிள் புஷ்ஷும் இதே சத்தம்தான் போடும். அதே மாதிரி, ஷாக்கின் தலைப்பில் லேசாக எண்ணெய் வியர்த்திருப்பது சகஜம். வழிந்து கீழே இறங்கியிருந்தால்தான் கசிவு. இதிலெல்லாம் தீராத சந்தேகம் என்றால் எங்கள் மெக்கானிக் செய்தபடி கீழ் முனையைக் கழற்றி இழுத்துத் தள்ளிப் பார்ப்பதே கடைசித் தீர்ப்பு. இழுக்கும்போது ஒரே சீராகப் பிடிக்கவேண்டும். பெரும்பாலும் தள்ளுவதை விட இழுப்பது கனமாக இருக்கும், அது அப்படித்தான். நடுவில் ஓரிடத்தில் பிடியே இல்லாமல் லொடக்கென்று போனால் எண்ணெய் குறைந்துவிட்டது. வண்டிக்கு அடியில் போகும்போது ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் படுக்காதீர்கள்.

இனி, பட்டறையில் அடிக்கடி கேட்கும் ஒரு யோசனை. வண்டி தணிந்து நிற்கிறது, ஆடுகிறது என்று சொன்னால், "ஒரு பட்டை சேர்த்துப் போட்டுடலாம்" என்பார்கள். செங்கல், ஜல்லி ஏற்றுகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். நமக்கு இது நேர் எதிரான வைத்தியம். பட்டை சேர்த்தால் வண்டி தணியாது, உண்மைதான். ஆனால் ஸ்பிரிங் இன்னும் இறுகும். இறுகிய ஸ்பிரிங் குழியை வாங்காது, அப்படியே காய்க்குக் கொடுத்துவிடும். எழும்பும் வேகமும் கூடும், அதை அடக்குவது ஏற்கெனவே தேய்ந்த ஷாக்குக்கு இன்னும் கஷ்டம். முக்கால் டன்னுக்குச் செய்த வண்டியில் நாம் ஏற்றுவது பல நாள் முந்நூறு, நானூறு கிலோ. கீரைக் கட்டும் முருங்கையும் எவ்வளவு எடை இருக்கும்? பாரம் குறைய இருக்கும்போது பட்டை வண்டி இயல்பாகவே அதிகம் துள்ளும். அதை இன்னும் இறுக்கிவிட்டு நாட்டுத் தக்காளியைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்?

காற்றும் அப்படித்தான். முழுப் பாரத்துக்கு ஒரு அளவு, குறைந்த பாரத்துக்கு ஒரு அளவு என்று வண்டிப் புத்தகத்திலோ கதவோரத்து ஸ்டிக்கரிலோ போட்டிருந்தால் அதைப் பாருங்கள். பங்க்கில் "எவ்வளவு?" என்று கேட்டால் "ஃபுல்லா வை" என்று சொல்கிற வழக்கத்தால் டயர் கல்லாகிப் பாதி அதிர்வு அங்கிருந்தே ஏறுகிறது.

மாற்றும்போது ஜோடியாக மாற்றவேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் பிரேக்கில் வண்டி ஒருபக்கம் தடுமாறும். முன் ஜோடியும் பின் ஜோடியும் ஒரே நாளில் மாற்றவேண்டும் என்பதில்லை. உங்கள் மாடலுக்குரிய பார்ட் நம்பர் பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்து, பில்லோடு வாங்குங்கள். பழையதைக் கழுவி, பெயிண்ட் அடித்து, எண்ணெய் ஊற்றி 'ரீகண்டிஷன்' என்று பாதி விலைக்குத் தருவார்கள். தேய்ந்த வால்வும் கீறல் விழுந்த தண்டும் பெயிண்டுக்கு அடியில் அப்படியேதான் இருக்கும். கேஸ் நிரப்பிய ஷாக்கை அறுப்பதோ வெல்டிங் வைப்பதோ ஆபத்து. அதில் கை வைக்க விடாதீர்கள்.

பொருத்தும்போது பக்கத்தில் நின்று இரண்டு விஷயம் பாருங்கள். படுக்கவைத்த பெட்டியிலிருந்து எடுத்த ஷாக்கில் காற்று எண்ணெய்ப் பக்கம் போயிருக்கும். வண்டியில் மாட்டும் நிலையிலேயே நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை முழுசாக இழுத்து அமுக்கினால் காற்று வெளியேறிப் பிடி சீராகும். இன்னொன்று, போல்ட்டைக் கடைசியாக இறுக்குவது சக்கரம் தரையில் நிற்கும்போது நடக்கவேண்டும். தூக்கி வைத்தபடியே இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையில் மாட்டிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும்.

செலவு என்று பார்த்தால், எங்கள் வண்டிக்குப் பின் ஜோடி, கூலியோடு 3,200 ரூபாய் ஆனது. அதற்கு முன் வாரத்துக்குச் சுமார் 30 கிலோ பாதி விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. கிலோ 40 ரூபாய் என்று வைத்தால் வாரம் 600 ரூபாய் நஷ்டம். ஆறாவது வாரத்தில் அசல் வந்துவிட்டது. கடன் கொடுக்கிற மேசையில் அத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறேன், ஆறு வாரத்தில் அசல் திரும்பிய கடனை நான் பார்த்ததில்லை.

ஷாக் மாற்றியதோடு அடுக்கும் முறையையும் மாற்றினோம். பூசணி, சேனை, தேங்காய் எல்லாம் பின்னால். தக்காளி, கீரை, முட்டை கேபினை ஒட்டி. கிரேட்டை விளிம்பு வரை நிரப்பி, ஆனால் விளிம்புக்கு மேலே தலைகாட்டாமல், மேலே ஒரு கை வைக்கோலோ மடித்த பேப்பரோ வைத்துக் கயிற்றால் இறுக்குகிறோம். மேல் அடுக்குப் பழம் எழும்பி உருள இடமிருக்கக் கூடாது. கடைசித் தோட்டத்தில் கேபின் பக்கம் இடம் விட்டு வைக்க டிரைவர் தம்பி ஒரு பலகைத் தடுப்பு செய்துகொண்டார். அது அவர் யோசனை.

விலை குறைவது அறவே நிற்கவில்லை. வெயில் காலத்தில் நன்றாகப் பழுத்துவிட்டதைப் பறித்தால் இப்போதும் ஒன்றிரண்டு கிரேட் வருகிறது, அதற்கு வண்டி பொறுப்பில்லை. நண்பர் சொல்லிவைத்த ஹைப்ரிட் நாற்றில் பாதியை வாங்காமல் விட்டார். பாதியை முன்பணம் கொடுத்துவிட்டதால் நட்டார். அது நன்றாகத்தான் காய்த்தது. கடைக்காரரோ நாட்டுத் தக்காளி இன்னும் நாலு கிரேட் சேர்த்து வருமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மாற்றிய தேதியும் மீட்டர் அளவும் டிரைவர் பக்கத்துக் கதவின் உள்ளே பெயிண்டில் எழுதிவைத்திருக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சூடு பார்ப்பது, டயர் தடவுவது என்று குழு நோட்டில் ஒரு வரி ஏறியிருக்கிறது. போன வாரம் தொட்டுப் பார்த்ததில் முன் இடது பக்கம் வலதை விடச் சூடு குறைவாக இருந்தது. கசிவு எதுவும் தெரியவில்லை. தை பிறக்கும் முன் கழற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், பொங்கல் கரும்பு ஏற்ற வண்டி வேண்டும்.